பெரியப்பா தேடிய ‘ஒண்ணுமில்லை’!

குற்றால சீஸனுக்கு வந்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? வந்திருந்தா இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. வேன்ல இருந்து இறங்கின அடுத்த செகண்ட், சட்டையைக் கழற்றி யார் கையிலயாவது திணிச்சுட்டு, ‘ஏய்ய்ய்...’னு கத்திக்கிட்டே அருவியைப் பார்த்து ஓடுமே ஒரு கும்பல்... அந்தக் கும்பல்ல ஒரு தடவையாவது ஓடணும்ங்கிறது என் சின்ன வயசுக் கனவு. எங்க வீட்டுல அதுக்குச் சான்ஸே கிடையாது.

ஏன்னா, எங்களுக்கு முன்னாடி பெரியப்பா போகணும்.

போவார். பாறை ஓரமா நிப்பார். மேலே அண்ணாந்து பார்ப்பார். கையை நீட்டித் தண்ணியைத் தொட்டு, உள்ளங்கையில ஏந்தி நிறம் பார்ப்பார். பாசி எங்கே வழுக்குதுன்னு காலால துழாவுவார். நாங்க இந்தப் பக்கம் சாரல்ல வெடவெடன்னு நடுங்கிட்டு நிப்போம். ஒரு வழியா திரும்பி, “ம்... வாங்கலே” என்பார். அதுக்கு அப்புறம்தான் குளியல். அதுக்குள்ள பக்கத்து வேன்காரங்க குளிச்சு முடிச்சு, தலை துவட்டி, பஜ்ஜியே சாப்பிட்டிருப்பாங்க!

சொந்தக்காரங்க மத்தியில பெரியப்பாவுக்கு ஒரு பட்டப்பேர் உண்டு. ‘கண்ணிவெடி.’ மூணு சுழி ‘ண’ போடணும் பாஸ், தப்பா எழுதிட்டீங்கன்னா பெரியம்மா சண்டைக்கு வந்துடுவாங்க. அவர் பதினஞ்சு வருஷம் நேவியில இருந்தவர். அதுல பெரும்பகுதி, கடல்ல கண்ணிவெடி தேடி அகற்றுற கப்பல்ல. அந்தக் கப்பலோட பேர் ஐ.என்.எஸ். கடலூர்.

எங்க ஊர்ல கடல் கிடையாது. தென்காசியில இருந்து திருச்செந்தூர்க் கடலைப் பார்க்கணும்னா திருநெல்வேலி போய் பஸ் மாறணும். குற்றாலம் பேரருவியில, மேலே இருந்து விழுற தண்ணி நேரா நம்ம தலையில விழாது. பாதி வழியில பாறைக்குள்ள இருக்கிற ஒரு ஆழமான குழியில விழுந்து, வேகம் குறைஞ்சு, பொங்கி வழிஞ்சுதான் கீழே வரும். அந்தக் குழிக்குப் பேர் ‘பொங்குமாகடல்’. எங்க ஊருக்குன்னு உள்ள ஒரே கடல் அதான். அப்படிப்பட்ட ஊர்ல இருந்து ஒருத்தர் 1985-ல ப்ளஸ் டூ முடிச்ச கையோட கப்பல் படைக்குப் போயிட்டார். ஒடிஷாவில் சில்கா ஏரிக்கரையில் இருக்கிற மாலுமிகள் பயிற்சி நிலையத்துக்கு ரயில் ஏறினப்ப, நீச்சல் தெரியுமான்னு கேட்டாங்களாம். “செண்பகாதேவி அருவித் தடாகத்துல நீந்துவேன்”னு சொல்லியிருக்கார். கேட்டவருக்கு ஒண்ணும் புரியலையாம்!

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். நான் அவரை அவமானப்படுத்தின கதை.

2023 ஜூலை. நான் இன்ஜினீயரிங் ரெண்டாவது வருஷம் ஆரம்பிச்ச நேரம். ஹாஸ்டல் ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேரை ‘எங்க ஊர் அருவியைப் பாருங்கடா’ன்னு பந்தாவா கூட்டிட்டு வந்திருந்தேன். வேனுக்கு வழிகாட்ட பெரியப்பா வந்தார். பழைய குற்றாலம் போனோம். வழக்கமான ‘டெஸ்டிங்’ எல்லாம் முடிஞ்சு, “ம்... வாங்க” ஆச்சு. இறங்கினோம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. “எல்லாரும் வெளிய வாங்க”ன்னு சத்தம் போட்டார்.

“ஏன் பெரியப்பா?”

“மேல சத்தம் மாறுது. செத்தையும் குச்சியுமா வருது பாரு. வெளிய வாங்கலே முதல்ல!”

கையைப் பிடிச்சு இழுக்காத குறை. வெளியே வந்து படிக்கட்டுல நின்னோம். அருவியில நூறு பேருக்கு மேல குளிச்சிட்டிருந்தாங்க. எங்களைத் தவிர யாரும் நகரலை. கால் மணி நேரம்... அரை மணி நேரம்... ஒரு மணி நேரம். ஒண்ணும் வரலை. வானம்கூட லேசா வெளுத்துச்சு. என் ஃப்ரெண்ட்ஸ் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கிட்டு நமுட்டுச் சிரிப்பு சிரிக்க ஆரம்பிச்சாங்க. “மச்சான், சுனாமி வருதா?”ன்னு ஒருத்தன் என் காதுல கேட்டான். எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு.

எல்லார் முன்னாடியும் சொன்னேன். “இல்லாததைத் தேடித் தேடியே பதினஞ்சு வருஷத்தை ஓட்டிட்டீங்க. இப்ப எங்களைப் போட்டுப் படுத்தாதீங்க பெரியப்பா!”

அவர் ஒண்ணும் சொல்லலை. துண்டை நாலா மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு வேன் பக்கமா நடந்தார். திரும்பி வர்ற வழியில வண்டியை நிறுத்தி, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அதைத்தான் என்னால தாங்க முடியலை.

விஷயம் அம்மா காதுக்குப் போய், வீட்டுல எனக்கு நடந்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. மறுநாள் சாயங்காலம் பார்டர் பரோட்டா பார்சலோட பெரியப்பா வீட்டுப் படியேறினேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை வரலை. அதனால, “பெரியப்பா, கடல்ல கண்ணிவெடியை எப்படித்தான் எடுப்பாங்க?”ன்னு கேட்டேன். இத்தனை வருஷத்துல நான் அவர்கிட்ட அதைக் கேட்டதே இல்லைங்கிறது, கேட்ட பிறகுதான் உறைச்சுது.

“மொட்டை மாடிக்கு வா”ன்னார்.

மாடியில கொடிக்கயிறு கட்டியிருந்துச்சு. அவர் அதைக் காட்டியே பாடம் எடுத்தார். பழைய காலத்துக் கண்ணி எப்படின்னா, தரையில ஒரு கனமான எடை. அதுல இருந்து ஒரு சங்கிலி. சங்கிலி முனையில தண்ணிக்குள்ள மிதக்குற வெடிகுண்டு உருண்டை. கல்லுல கட்டின பலூன் மாதிரின்னு வெச்சுக்கோங்க. மேலே இருந்து பார்த்தா தெரியாது. கப்பல் முட்டினா வெடிக்கும். இதை எடுக்க, மைன்ஸ்வீப்பர் கப்பல் தனக்குப் பின்னால ஒரு நீளமான கம்பி வடத்தை இழுத்துக்கிட்டே போகும். அந்த வடம் பக்கவாட்டுல விரிஞ்சு நிக்கிறதுக்கும், குறிப்பிட்ட ஆழத்துல போறதுக்கும் தனித்தனி மிதவைகள். வடத்துல அங்கங்கே வெட்டுக் கத்திகள். வடம் போய்க் கண்ணியோட சங்கிலியில மாட்டும், கத்தி அறுக்கும், உருண்டை மேலே வந்து மிதக்கும். அப்புறம் தூரத்துல இருந்து துப்பாக்கியால சுட்டு வெடிக்க வைப்பாங்க. பெரியப்பாவுக்கு வேலை அந்த வடத்தை இறக்கி ஏத்துற பின்தளத்துலதான்.

ஒரு விஷயம் அப்பதான் புரிஞ்சுது. கயிறு வளைஞ்சு கிடந்தா பெரியப்பா அந்த வளையத்துக்குள்ள கால் வைக்கவே மாட்டார். கிணத்துக் கயிறா இருந்தாலும் சரி, மாட்டுக் கயிறா இருந்தாலும் சரி, சுத்தித்தான் போவார். நாங்க அதை வெச்சும் கிண்டல் பண்ணியிருக்கோம். ஓடுற வடத்தோட வளையத்துக்குள்ள காலை வெச்சா, அது இறுகும்போது காலே இருக்காதாம்.

“அது சரி பெரியப்பா, வடம் பின்னாலதானே வருது? அப்ப முன்னால போற உங்க கப்பல்?”

“அதான்லே விஷயமே. நாங்கதான் முதல்ல அது மேல போவோம்.”

அதனாலதான் இந்தக் கப்பல்களை வேற மாதிரி கட்டுவாங்களாம். 1950-களில் பிரிட்டனிடமிருந்து இந்தியா வாங்கின கண்ணி அகற்றும் கப்பல்கள்ல ஒண்ணுக்கும் கடலூர்னுதான் பேர். அந்த ரகக் கப்பலோட உடம்பு மரம்! ஏன்னா, ரெண்டாம் உலகப் போர் சமயத்துலயே முட்டாமலேயே வெடிக்கிற கண்ணிகள் வந்துடுச்சு. கப்பலோட இரும்பு, கடல்ல ஏற்கெனவே இருக்கிற காந்தப்புலத்தைக் கலைக்கும். அதை உணர்ந்து வெடிக்கிறது ஒரு ரகம். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு வெடிக்கிறது ஒரு ரகம். மேலே கப்பல் போகும்போது தண்ணியோட அழுத்தம் மாறுமில்லையா, அதை உணர்றது இன்னொரு ரகம். பெரியப்பாவோட கடலூர், காந்தத் தன்மை குறைந்த உருக்கால் ஆனது. மிச்சமிருக்கிற காந்தத்தை மறைக்க, கப்பலுக்குள்ளயே மின்கம்பிச் சுருள்களை ஓட்டி எதிர்க் காந்தம் உண்டாக்குவாங்க. ஃபிசிக்ஸ் லேப்ல நாம ‘எதுக்குடா இது’ன்னு தூங்கி வழிஞ்ச அதே சமாசாரம்தான்!

கண்ணி இருக்கலாம்னு சந்தேகப்படுற இடத்துல ஓட்டும்போது, இன்ஜின் ரூம்ல கட்டாயம் இருக்க வேண்டியவங்க தவிர மத்த எல்லாரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு மேல்தளத்துக்கு வந்துடணுமாம். வெடி வந்தா கீழே இருந்துதானே வரும். “அப்ப இன்ஜின் ரூம்ல இருக்கவங்க?”ன்னு கேட்டேன். பெரியப்பா பரோட்டாவைப் பிய்ச்சு சால்னாவுல முக்கிக்கிட்டே, “அவங்க இன்ஜினைப் பாத்துக்குவாங்க”ன்னார்.

இதைவிட பயங்கரம் ஒண்ணு சொன்னார் பாருங்க. சில கண்ணிகள்ல கணக்கு வைக்கிற கருவி இருக்குமாம். முதல் கப்பல் போகும்... வெடிக்காது. ரெண்டாவது போகும்... வெடிக்காது. ஆறாவது கப்பலுக்குத்தான் வெடிக்கணும்னு செட் பண்ணியிருந்தா, அதுவரைக்கும் அமைதியா படுத்திருக்கும். அதனால ஒரே பாதையில திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கணும். இதுல இன்னொரு முறையும் உண்டு. சோனார் கருவியால கடல் தரையில இருக்கிற பொருளை ஒவ்வொண்ணா தேடிக் கண்டுபிடிச்சு, முக்குளிப்பவரையோ ரிமோட் கருவியையோ அனுப்பி அழிக்கிறது. அதுக்குன்னே உள்ள கப்பலை மைன்ஹன்ட்டர், அதாவது கண்ணி வேட்டைக் கப்பல்ங்கிறாங்க. ஸ்வீப்பர்னா பெருக்குறது, ஹன்ட்டர்னா வேட்டையாடுறது. இப்ப உலகம் முழுக்க வேட்டை முறைக்குத்தான் மவுசு.

“சரி பெரியப்பா, நீங்க எத்தனை கண்ணி எடுத்தீங்க?”

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். “நிஜக் கண்ணி ஒண்ணுகூட இல்லைலே. எல்லாம் பயிற்சிக் கண்ணிதான். நாமளே போடுறது, நாமளே எடுக்கிறது. மத்தபடி ரோந்து, காவல்... அந்தந்த நாள் முடியும்போது ‘ஒண்ணுமில்லை’ன்னு எழுதிட்டுப் படுப்போம்.”

முந்தின நாள் நான் சொன்ன வார்த்தை எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, அந்த சால்னா கிண்ணத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்துச்சு. இல்லாததைத் தேடினவர்!

அதுக்கு அப்புறம்தான் நான் அந்தக் கப்பலைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். உங்களுக்கும் கொஞ்சம் சொல்றேன்.

சோவியத் யூனியன்ல இருந்து இந்தியா இந்த ரகத்துல மொத்தம் 12 கப்பல்கள் வாங்கியிருக்கு. 1970-களின் கடைசியில ஆறு, 1980-களின் பிற்பாதியில ஆறு. பாண்டிச்சேரி, போர்பந்தர், பேடி, பாவ்நகர், ஆலப்புழை, ரத்னகிரி, கார்வார், கண்ணனூர், கடலூர், காக்கிநாடா, கோழிக்கோடு, கொங்கண்... எல்லாமே கடற்கரைப் பேர்கள். தென்காசிக்கு எந்தக் காலத்துலயும் சான்ஸ் இல்லை, விடுங்க! ஒரு கப்பலோட நீளம் 61 மீட்டர். எங்க காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தைப் படுக்க வெச்சா அதைவிடக் கொஞ்சம் அதிகம். எடை 800 டன் சுமார். பெரிய போர்க்கப்பல்களோட ஒப்பிட்டா ஒரு குட்டி. குட்டிங்கிறதால ஆட்டமும் ஜாஸ்தி. முதல் மூணு மாசம் பெரியப்பா சாப்பிட்ட ராஜ்மாவை எல்லாம் வங்காள விரிகுடாதான் சாப்பிட்டுச்சாம்.

கடலூர் 1987-ல், அப்ப சோவியத் யூனியன்ல இருந்த ரிகா துறைமுகத்துல நம்ம கடற்படையில சேர்க்கப்பட்டது. அதை ஓட்டிட்டு வரப்போன குழுவுல பெரியப்பாவும் ஒருத்தர். வயசு இருபது. சாரலையே குளிர்னு நினைச்சிட்டிருந்த மனுஷன் பால்டிக் கடல் ஓரத்துல நின்னிருக்கார்! பாடம் நடத்தினவங்க ரஷ்யக்காரங்க, கருவிகள் மேல இருந்த எழுத்தெல்லாம் ரஷ்யன். தமிழ்ல எழுதிவெச்சு மனப்பாடம் பண்ணினாராம். இன்னிக்கும் பெரியம்மா காபி நல்லா போட்டுட்டா “ஹரஷோ!”ம்பார். ரஷ்ய மொழியில ‘நல்லாயிருக்கு’ன்னு அர்த்தம். சுமாரா இருந்தா தமிழ்லதான் சொல்லுவார்.

முப்பது வருஷ சர்வீஸ். ஆனா, இந்தக் கப்பலைப் பத்தி சினிமா எடுக்கிற மாதிரி ஒரு கதை கிடைக்கலை. கண்ணி அகற்றும் கப்பல்கள்ல நம்ம பக்கத்துல பிரபலமானது ஒண்ணுதான். ரெண்டாம் உலகப் போர் காலத்து எச்.எம்.ஐ.எஸ். பெங்கால். 1942 நவம்பர் 11-ம் தேதி, ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையா இந்தியப் பெருங்கடலில் வந்துகொண்டிருந்தது. எதிரே ரெண்டு பெரிய ஜப்பானியப் போர்க்கப்பல்கள். ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். பெங்கால் ஆயிரம் டன்கூட இல்லாத பொடியன். எண்ணெய்க் கப்பலைத் தப்பிக்கச் சொல்லிவிட்டு பெங்கால் நேராக எதிரியை நோக்கிப் போனது. சண்டையின் முடிவில் ஹொக்கோகு மாரு என்ற ஜப்பானியக் கப்பல் வெடித்து மூழ்கியது. பெங்காலும் ஒண்டினாவும் அடிபட்டுக் கிழிந்தாலும் கரை சேர்ந்தன.

செம கதைதானே? ஆனா கவனிச்சீங்களா... கண்ணி அகற்றும் கப்பலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது, அது தன்னோட வேலையைச் செய்யாம இன்னொருத்தர் வேலையைச் செஞ்ச ஒரு நாள்! தன் வேலையை ஒழுங்கா செஞ்சா கதையே கிடையாது. பாதை சுத்தமா இருக்கும், பின்னால வர்ற கப்பல்கள் போயிட்டே இருக்கும். அந்தக் கப்பல்ல இருக்கவங்க காபி குடிச்சிட்டு இருப்பாங்க.

அந்த வேலை நடக்காட்டி என்ன ஆகும்? முதல் உலகப் போரில் வுல்ஃப் என்ற ஜெர்மன் கப்பல் ரகசியமாக வந்து கொழும்புக்கு வெளியே கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போனது. 1917 பிப்ரவரியில், சில நாள் இடைவெளியில் வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்று இரண்டு கப்பல்கள் அதில் சிக்கி மூழ்கின. நம்ம தூத்துக்குடிக்கு எதிர்க்கரை பாஸ்! 1988 ஏப்ரல் 14-ல் பாரசீக வளைகுடாவில் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு கண்ணியில் மோதியது. அந்தக் கண்ணியின் வடிவமைப்பு 1908-ம் வருஷத்தது. எண்பது வயசுத் தாத்தா டிசைன்! கண்ணியின் விலை 1,500 டாலர்தான் என்று சொல்கிறார்கள். கப்பலைச் சரிசெய்ய ஆன செலவு ஒன்பது கோடி டாலருக்குப் பக்கத்தில். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் கருங்கடலில் கண்ணிகள் அறுந்து மிதந்து வர ஆரம்பித்தன. அந்த செப்டம்பரில் ருமேனியாவின் கண்ணி அகற்றும் கப்பல் ஒன்றே அப்படி ஒரு கண்ணியில் அடிபட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

இப்ப உட்கார்ந்து கேளுங்க. 2018 மார்ச் 23-ம் தேதி விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். கடலூர் ஓய்வு பெற்றது. 2019 ஏப்ரல் 13-ல் அதே ஊரில் கோழிக்கோடு. அதுதான் பன்னிரண்டில் கடைசி. அதற்குப் பிறகு, இவ்வளவு நீளக் கடற்கரை உள்ள இந்தியாவிடம் இதற்கென்றே கட்டிய கப்பல் ஒன்றுகூட இல்லாமல் போனது! தென்கொரிய நிறுவனத்தோடு சேர்ந்து கோவா கப்பல் கட்டும் தளத்தில் 12 புதிய கப்பல்கள் கட்ட நடந்த பேச்சு, 2018-லேயே கைவிடப்பட்டது. வேறு கப்பல்களில் மாட்டிக்கொள்ளும் கருவிகளை வைத்துச் சமாளிக்கிறார்கள். போர் விமானம் இல்லைன்னா டி.வி.யில ராத்திரி பூரா விவாதம் நடக்கும். இதுக்கு யாரும் வாயைத் திறந்த மாதிரி எனக்குத் தெரியலை. ஒண்ணுமே நடக்காம பார்த்துக்கிட்டவங்க போயிட்டா, போனதுகூட யாருக்கும் தெரியாது போல.

2018-ன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. கப்பலோட கடைசி நாளுக்கு விசாகப்பட்டினம் போக பெரியப்பா டிக்கெட் எடுத்தார். “நீயும் வாரியாலே? கப்பலைக் காட்டுறேன்”னு என்னைக் கூப்பிட்டார். நான் அப்ப எட்டாம் வகுப்பு. பரீட்சை இருக்குன்னு சொன்னேன். பரீட்சை இருந்தது உண்மைதான். ஆனா அந்த வார இறுதியில தெரு கிரிக்கெட் மேட்ச் இருந்தது அதைவிட உண்மை. அவர் தனியா போயிட்டு வந்தார். சூரியன் மறையும்போது கொடியை இறக்கினதைச் சொன்னார். “கடைசியா ஒரு தடவை இறக்குவாங்க. அப்புறம் அது கப்பல் இல்லை, வெறும் இரும்பு.” அந்த இரும்பைப் புதுச்சேரிப் பக்கம் கடலுக்கடியில் இறக்கி, மீன்களும் முக்குளிப்பவர்களும் சுற்றிப் பார்க்கும் அருங்காட்சியகமாக்க ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டப்ப, பேப்பரை வெட்டி வெச்சுக்கிட்டார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? “எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?”

2024 மே மாசம் 17-ம் தேதி. செமஸ்டர் லீவுல வீட்டுல இருந்தேன். மத்தியானத்துக்கு மேல எல்லார் போன்லயும் ஒரே வீடியோ. பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம். நாங்க நின்ன அதே படிக்கட்டுல ஜனங்க அலறிக்கிட்டு ஓடுறாங்க. திருநெல்வேலியில இருந்து வந்திருந்த ஒரு பையனைத் தண்ணி அடிச்சிட்டுப் போயிடுச்சு.

செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டாம பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். டி.வி.யைச் சத்தமில்லாம ஓடவிட்டுட்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பையனுக்கு என்ன வயசுலே?”

“பதினேழு.”

டி.வி.யை அணைச்சார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. “பெரியப்பா, அன்னிக்கு நீங்க சொன்னது...”ன்னு ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் சொன்ன அன்னிக்கு வரலை. வந்த அன்னிக்கு நான் அங்க இல்லை. இதுல நான் சொன்னது என்னத்தலே சரி?”

அவர் குரல்ல கோபம் இல்லை. அந்தப் பையனுக்கு முன்னாடி போய் நிக்க முடியலையேங்கிற மாதிரி ஒண்ணு இருந்துச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. பெரியம்மா காபி கொண்டுவந்து வெச்சாங்க. ரெண்டு பேரும் குடிக்கலை.

போன வருஷம், 2025 ஜூலை 3-ம் தேதி, கண்ணி அகற்றும் கப்பல்களுக்கான தேவையை ஏற்றுக்கொண்டு பாதுகாப்புத் துறையின் கொள்முதல் குழு ஒப்புதல் கொடுத்துச்சு. மொத்தம் 1.05 லட்சம் கோடி ரூபாய்ச் சமாசாரங்கள்ல அதுவும் ஒண்ணு. மறுநாள் பேப்பரை எடுத்துக்கிட்டு குஷியா போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார். “வேணும்னு ஒத்துக்கிட்டாங்க. ஹரஷோ! இனி ஆர்டர் கொடுத்து, கட்டி, ஓட்டிப் பாத்து... அதுக்குள்ள நீ எனக்கு ஒரு பேரனைக் காட்டிருவே”ன்னு சிரிச்சார். நான் அவர் சிரிச்சுப் பார்த்து ரொம்ப நாளாச்சு.

அந்த மாசக் கடைசியில பழைய கும்பல் மறுபடி வந்துச்சு. ஃபைனல் இயர், கடைசி ட்ரிப். ஐந்தருவி போனோம். வேன் நின்னதும் நான் திரும்பிப் பார்த்தேன். ஆறு பேரும் சட்டையைக் கழற்றாம நின்னாங்க. ‘சுனாமி வருதா’ன்னு கேட்டவன் உட்பட. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லியிருக்கலை. மே மாச வீடியோவை எல்லாரும் பார்த்திருக்காங்க, அவ்வளவுதான்.

பெரியப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மெதுவா போனார். முன்ன மாதிரி இல்லை, முட்டி வலி. நான் ஒரு அடி பின்னால போனேன். மேலே பார்த்தார். தண்ணியை உள்ளங்கையில ஏந்தினார். நிறம் பார்த்தார். என் கையையும் பிடிச்சு தண்ணிக்குள்ள வெச்சார். ஜில்லுன்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியலை. அவர் இன்னும் பார்த்துக்கிட்டே இருந்தார். பக்கத்துல ஒரு வேன் வந்து நின்னு, ஒரு கும்பல் ‘ஏய்ய்ய்...’னு கத்திக்கிட்டு எங்களைத் தாண்டி ஓடிச்சு.

“பெரியப்பா...”

“இருலே.”

இருந்தேன். சாரல் அடிச்சு சட்டை நனைஞ்சு உடம்போட ஒட்டிக்கிச்சு. கடைசியில திரும்பினார். என்னை மேலயும் கீழயும் பார்த்தார்.

“துண்டு எங்கலே?”

வேன்லயே வெச்சுட்டு வந்துட்டேன்.